48 வயதில் கேமராவைத் தொட்டு, மலையகத்தில் அடக்கமான உருவப்படக் கலைஞர்

தெம்பனிஸ் வீவக புளோக் ஒன்றின் கீழ்த்தளத்தில் திருமணமோ பிறந்தநாளோ நடந்தால், கைப்பேசியில் ‘போர்ட்ரெய்ட்’ முறையைத் தட்டிப் பாட்டியை நிற்கவைத்துப் படமெடுக்கும் இளையர் ஒருவராவது அங்கே இருப்பார். முகம் தெளிவாக விழும். பின்னால் இருக்கும் தூணும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் கரைந்து மங்கலாகிவிடும். அந்த மங்கல்தான் படத்துக்கு அழகு என்பது இப்போது சிறு பிள்ளைக்கும் தெரியும்.

ஏறக்குறைய 160 ஆண்டுகளுக்கு முன்னர் அதே மங்கலுக்காக ஒரு பெண்மணி லண்டன் புகைப்படக்காரர்களிடம் வாங்காத திட்டு இல்லை. கேமராவைச் சரியாகப் பிடிக்கத் தெரியாதவர், கை சுத்தமில்லாதவர், அவசரக்காரர் என்றெல்லாம் அவரைப் பற்றி எழுதினார்கள். அவர் மாறவில்லை. இன்று உருவப்படம் எடுக்கக் கற்றுக்கொள்ளும் எவரும் அவரைத் தாண்டிப் போக முடியாது.

அவர் பெயர் ஜூலியா மார்கரெட் கேமரன். பெயரிலேயே கேமரா ஒளிந்திருப்பதுபோல் தோன்றினாலும் அது கணவர் வழி வந்த ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயர்தான்.

இங்கிலாந்தின் கலைஞராகவே உலகம் அவரை அறியும். ஆனால் அவர் பிறந்தது கல்கத்தாவில். இறந்தது இலங்கை மலையகத் தோட்டமொன்றில். அவர் கடைசியாக எடுத்த படங்களில் இருப்பவர்கள் வேலையாட்களும் தோட்டத் தொழிலாளர்களும். தமிழகத்திலிருந்து கடல் கடந்து தோட்டத்துக்குப் போன குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு, இந்தக் கதையின் கடைசிப் பகுதி தூரத்துக் கதையாக இருக்காது.

கல்கத்தாவில் தொடக்கம்

ஜூலியா 1815 ஜூன் 11ஆம் தேதி பிறந்தார். தந்தை ஜேம்ஸ் பேட்டல் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி. தாய்வழியினர் புதுச்சேரியோடு தொடர்புடைய பிரெஞ்சுக் குடும்பத்தினர். பள்ளிப் படிப்பு பெரும்பாலும் பிரான்ஸில். சகோதரிகள் எல்லாரும் அழகுக்குப் பேர்போனவர்கள் என்றும், ஜூலியா ஒருவர்தான் அந்தப் பட்டியலில் இல்லை என்றும் அந்தக் காலத்தவர் பேசிக்கொண்டார்கள். பிற்காலத்தில் மனித முகத்தை அவர் அப்படித் துரத்தித் துரத்திப் பார்த்ததற்கு இந்தப் பேச்சும் ஒரு காரணமோ என்று நினைக்கத் தோன்றுகிறது.

1836ல், நோய்க்குப் பின் உடல் தேற ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குச் சென்றிருந்தபோது, அவர் வாழ்க்கையைத் தீர்மானித்த இரண்டு மனிதர்களைச் சந்தித்தார். ஒருவர் சர் ஜான் ஹெர்ஷல். தென்வானத்து விண்மீன்களை ஆராய அங்கே தங்கியிருந்த வானியலாளர். புகைப்பட ரசாயனத்துக்கு அடித்தளமிட்டவர்களில் அவரும் ஒருவர். படத்தை நிலைநிறுத்த இன்றும் இருட்டறைகளில் பயன்படும் ஹைப்போ, வெள்ளி உப்புகளைக் கரைக்கும் என்பதை 1819லேயே கண்டறிந்தவர். 1840களின் தொடக்கத்தில், புகைப்படம் என்பதையே பலர் பார்த்திராத நாளில், கல்கத்தாவிலிருந்த ஜூலியாவுக்குச் சில படங்களை அனுப்பிவைத்தார்.

மற்றொருவர் சார்ல்ஸ் ஹே கேமரன். ஜூலியாவைவிட 20 வயது மூத்த சட்ட அறிஞர். 1838ல் கல்கத்தாவில் இருவருக்கும் திருமணம் நடந்தது.

இந்த சார்ல்ஸ் கேமரனைச் சிங்கப்பூர் வாசகர்கள் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். மெக்காலே தலைமையில் இந்தியத் தண்டனைச் சட்டத்தை வரைந்த சட்ட ஆணையத்தில் அவரும் உறுப்பினர். அந்தச் சட்டத்தை ஒட்டித்தான் 1871ல் நீரிணைக் குடியேற்றங்களின் தண்டனைச் சட்டம் வந்தது. சிங்கப்பூரின் இன்றைய குற்றவியல் சட்டத்துக்கும் வேர் அதுவே. அதற்கு முன்னர் இலங்கையில் கோல்புரூக் கேமரன் ஆணையத்தின் ஒரு பாதியாக இருந்து, 1830களில் அத்தீவின் நீதி அமைப்பை மாற்றியமைக்கப் பரிந்துரை செய்தவரும் அவரே. அப்போதிருந்தே இலங்கை மண்மீது அவருக்குத் தீராத ஆசை. அங்கே நிலம் வாங்கிக் காப்பி பயிரிட்டார். குடும்பத்தின் பணமெல்லாம் அந்தக் காப்பியில்தான் முடங்கியது.

மகள் கொடுத்த பரிசு

1848ல் குடும்பம் இங்கிலாந்து திரும்பியது. 1860ல் வைட் தீவின் ஃபிரெஷ்வாட்டர் கிராமத்தில் குடியேறினார்கள். பக்கத்திலேயே கவிஞர் டென்னிசனின் வீடு. தங்கள் வீட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் டிம்போலா. இலங்கையின் டிம்புள்ளப் பகுதியை நினைத்து வைத்த பெயர்.

ஜூலியாவுக்கு ஒரு மகளும் ஐந்து மகன்களும். அவர்களைத் தவிர உறவினர் பிள்ளைகள், ஆதரவற்ற பிள்ளைகள் என்று வீடு நிறைய ஆட்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வளர்ந்து வெளியேறினார்கள். கணவர் காப்பித் தோட்டங்களைப் பார்க்க இலங்கைக்குப் போய்விட்டார். 1863 டிசம்பரில் தனியே இருந்த தாய்க்குப் பொழுது போகட்டும் என்று மகள் ஜூலியாவும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள்.

அப்போது அவருக்கு வயது 48. அந்தக் காலக் கணக்கில் பேரப்பிள்ளைகளைக் கொஞ்சிக்கொண்டு ஒதுங்கியிருக்க வேண்டிய வயது. அவரோ நிலக்கரி வைக்கும் அறையை இருட்டறையாக மாற்றினார். கோழிக்கூண்டைத் திறந்து கோழிகளை விரட்டிவிட்டு, அதையே படப்பிடிப்பு அறையாக்கினார்.

கேமரா என்றவுடன் கையில் அடங்கும் கருவியை நினைத்துவிடக் கூடாது. அது ஒரு மரப்பெட்டி. உள்ளே 11 அங்குல நீளமும் 9 அங்குல அகலமும் கொண்ட கண்ணாடித் தகடு. அந்தத் தகட்டின்மேல் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைச் சமமாக ஊற்றிப் பரப்ப வேண்டும். இருட்டறையில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் பெட்டியில் பொருத்திப் படமெடுத்து, ஈரம் காய்வதற்குள் இருட்டறைக்கு ஓடி ரசாயனத்தில் கழுவ வேண்டும். எல்லாவற்றுக்கும் இருப்பது சில நிமிடங்கள்தான். ஒரு தூசி விழுந்தால், கை நடுங்கினால், தகடு கெட்டது. படத்தை நிலைநிறுத்த அவர் பயன்படுத்தியது பொட்டாசியம் சயனைடு. உயிரைக் கொல்லும் விஷம். வெள்ளி நைட்ரேட் பட்டுப்பட்டு அவர் விரல்களும் உடைகளும் எப்போதும் கறுத்தே இருக்கும்.

முதல் படத்தை அவரே அழித்தார். அந்தக் கிராமத்து விவசாயி ஒருவரைக் கூலி கொடுத்து உட்காரவைத்து எடுத்த படம் அது. தகட்டின் எந்தப் பக்கத்தில் படம் இருக்கிறது என்பது தெரியாமல் கையால் தடவிவிட்டார். படம் போய்விட்டது. பெட்டியை எங்கே வைப்பது, முகத்தை எப்படி ஃபோகஸ் செய்வது என்பதுகூட அப்போது அவருக்குத் தெரியாது.

அடுத்து, இரண்டு பிள்ளைகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் தகடும் பாழ். சரி, ஒரு பிள்ளை போதும் என்று ஆசையைக் குறைத்துக்கொண்டு, 1864 ஜனவரி 29ஆம் தேதி ஆனி ஃபில்பாட் என்ற சிறுமியை மட்டும் உட்காரவைத்தார். அசையாதே, தகடு வீணாகும் என்று கெஞ்சினார். படம் நன்றாக வந்தது. அன்றைக்கே அதைக் கழுவி, அச்சிட்டு, சட்டம் போட்டுச் சிறுமியின் தந்தையிடம் கொடுத்துவிட்டார். பரிசு தேடிக்கொண்டு வீடெங்கும் ஓடினாராம், அந்தப் படத்தை அந்தச் சிறுமியே உருவாக்கினாள் என்பதுபோல். தமது முதல் வெற்றி என்று அதை வாழ்நாள் முழுவதும் குறிப்பிட்டார். கேமரா கைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

யாரிடம் கற்றார்?

பள்ளிக்கூடம் போய்க் கற்கவில்லை. ஆனால் தானாகக் கற்றவர் என்று சொல்லி முடித்துவிடுவதும் சரியன்று. டேவிட் வில்கி வின்ஃபீல்டு என்ற ஓவியர் அப்போதே முகத்தை மிக அருகிலிருந்து, மென்மையான ஃபோகஸில் எடுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஜூலியா ஒரே ஒரு பாடம் கற்றார். தம்முடைய முயற்சிகளுக்கும் வெற்றிக்கும் அவர் படங்களே வழிகாட்டி என்று பின்னர் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். ஓவியர் வாட்ஸுக்குப் படங்களை அனுப்பிக் குறை கேட்டார். முகபாவத்தையும் ஒளியையும் பற்றி வாட்ஸ் தாட்சண்யமில்லாமல் குறை சொன்னார். ரசாயனத்தில் சந்தேகம் வந்தால் ஹெர்ஷலுக்குக் கடிதம். தகடுகளின் மேற்பூச்சு வெடித்துத் தேன்கூடுபோல் பிளவுபட்டபோது, 1869ல் புகைப்படச் சங்கத்தின் கூட்டத்திலேயே அந்தத் தகடுகளைக் காட்டிக் காரணம் கேட்டார். அவரைக் கேலி செய்தவர்கள் நிறைந்த சங்கம் அது. கேட்க அவர் கூசவில்லை.

ஒளி விஷயத்தில் அவர் பிடிவாதக்காரர். அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் முகம் முழுவதும் ஒரே சீரான வெளிச்சம் விழும். பின்னால் திரைச்சீலை, பக்கத்தில் மேசை, மேசைமேல் கை. நம் வீடுகளில் மாட்டியிருக்கும் பழைய ஸ்டூடியோ படங்களிலும் இதே அமைப்பைக் காணலாம். ஜூலியா மேசையை எடுத்தார், திரையை எடுத்தார். சன்னல்களை மறைத்து ஒரு பக்கமிருந்து மட்டும் ஒளியை விட்டார். கேமராவை முகத்துக்கு மிக அருகே கொண்டுபோனார். பாதி முகம் இருளில் கிடக்கும், கண்ணும் நெற்றியும் மட்டும் எழுந்து வரும்.

வெளிச்சத்தைக் குறைத்தால் நேரம் கூடும். ஒரு படத்துக்கு மூன்று முதல் ஏழு நிமிடம் அசையாமல் உட்கார வேண்டியிருந்தது. மற்ற ஸ்டூடியோக்களில் தலை அசையாமலிருக்கப் பின்னால் ஓர் இரும்புப் பிடி வைப்பார்கள். அவர் அதை விரும்பவில்லை. ஆகவே மூச்சின் அசைவும் படத்தில் பதிந்தது. பெரிய லென்ஸ் என்பதால் கண் தெளிவாக விழுந்தால் காது மங்கியது. ஃபோகஸ் செய்யும்போது, கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் கையை நிறுத்திக்கொண்டார். அதற்குமேல் திருகிக் கூர்மையாக்கவில்லை. தொடக்கத்தில் அது தற்செயலாக நேர்ந்தது என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். நேர்ந்ததை வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்ததில்தான் அவர் கலைஞரானார்.

புகைப்படப் பத்திரிகைகள் பொரிந்து தள்ளின. கைரேகை தெரிகிறது, தூசி தெரிகிறது, விளிம்பில் ரசாயனம் வழிந்திருக்கிறது என்றார்கள். இவற்றில் பல உண்மையும்கூட. இன்றைக்கு அந்தக் கறைகளையும் கலை என்று கொண்டாடுவோர் உண்டு. ஆனால் அவர் தகடு வெடிப்பதற்குக் காரணம் தேடி அலைந்ததைப் பார்த்தால், எல்லாக் குறையையும் அவர் விரும்பி வைத்துக்கொண்டார் என்று சொல்ல முடியாது. மங்கலை விரும்பினார். வெடிப்பை வெறுத்தார். இரண்டும் வேறு.

ஓவியர்கள் அவர் பக்கம் நின்றார்கள். லண்டன் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம், அதாவது இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், 1865ல் அவர் படங்களை வாங்கிக் காட்சிக்கு வைத்தது. 1868ல் படமெடுக்க இரண்டு அறைகளையும் கொடுத்தது. 1866ல் பெர்லினில் தங்கப் பதக்கம் கிடைத்தது. அந்த ஆண்டே 15 அங்குலம், 12 அங்குலத் தகடு பிடிக்கும் பெரிய கேமராவுக்கு மாறினார். அவர் படங்கள் பெரிதாக்கி அச்சிடப்பட்டவை அல்ல. தகடு எவ்வளவோ படமும் அவ்வளவு. ஆளுயரத் தலை வேண்டுமென்றால் அவ்வளவு பெரிய கண்ணாடியைத் தூக்கித்தான் ஆக வேண்டும். அப்போது அவருக்கு வயது 51.

பிறகு பெரிய மனிதர்கள் வரிசையாக வந்தார்கள். டென்னிசன், கார்லைல், 1868ல் கோடைக்கு ஃபிரெஷ்வாட்டர் வந்த டார்வின். மற்ற எந்தப் படத்தையும்விட இந்தப் படமே டார்வினுக்குப் பிடித்திருந்தது. 1867ல் ஹெர்ஷலின் வீட்டுக்கே கேமராவைக் கொண்டுபோனார். கிழவரின் தலைமுடியைக் கழுவிக் கலைத்துவிடச் சொன்னார் என்பார்கள். இருளுக்குள்ளிருந்து நரைமுடியும் ஈரக் கண்களும் எழும் அந்தப் படத்தைப் பார்க்காமல் உருவப்படப் பாடம் முடிவதில்லை.

பெரிய மனிதர்களைவிட அதிகமாக அவர் கேமரா முன் நின்றவர்கள் வீட்டு வேலைக்காரப் பெண்கள். மேரி ஹில்லியரை எத்தனையோ முறை மாதாவாக்கினார். மேரி ரயன் என்ற இன்னொரு பெண், தாயோடு பிச்சையெடுத்துக்கொண்டிருந்தபோது ஜூலியா வீட்டுக்கு அழைத்துவந்து வளர்த்தவர். கண்காட்சியில் அவர் படத்தைப் பார்த்து மனத்தைப் பறிகொடுத்த ஓர் இளைஞர் 1867ல் அவரையே மணந்தார். அந்த இளைஞர் ஹென்றி காட்டன். நம் கும்பகோணத்தில் பிறந்தவர். பின்னாளில் 1904ல் இந்தியத் தேசிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர்.

இன்னொரு பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அவர் படத்தின் கீழே தம் கையால் எழுதுவார். யார், எப்போது, எங்கே என்று. 500க்கு மேற்பட்ட படங்களுக்கு உரிமையும் பதிவு செய்தார். 1868ல் எத்தியோப்பியாவிலிருந்து தாய்தந்தை இழந்து கொண்டுவரப்பட்ட ஏழு வயது இளவரசன் அலமாயுவைப் படமெடுத்தபோதும் அவன் பெயரைக் குறித்தார்.

மீண்டும் கிழக்கு நோக்கி

புகழ் வந்த அளவுக்குப் பணம் வரவில்லை. இலங்கையிலிருந்து வரவேண்டிய காப்பிப் பணமும் ஆட்டம் கண்டது. 1869ல் அத்தீவில் இலைத்துரு நோய் தலைகாட்டியது. இலையின் அடியில் மஞ்சள் பொடிபோல் தொடங்கி, செடியை மொட்டையாக்கிவிடும் பூஞ்சை. அடுத்த இருபது ஆண்டுகளில் காப்பித் தொழிலே அழிந்து, தேயிலை வந்தது.

1873ல் மகள் ஜூலியா பிரசவத்தில் இறந்தார். கேமராவைக் கொடுத்த மகள். மறு ஆண்டில் தம் புகைப்பட வாழ்க்கையைப் பற்றி ஒரு குறிப்பு எழுதத் தொடங்கினார் ஜூலியா. அது முடிவடையவில்லை.

1875 அக்டோபரில் கேமரன் தம்பதியர் இலங்கைக்குக் கப்பலேறினார்கள். கணவருக்கு 80 வயது. மகன்கள் அங்கே இருந்தார்கள், செலவும் குறைவு. இருவருக்கும் சவப்பெட்டிகளையும், பாலுக்கு ஒரு பசுமாட்டையும் உடன் கொண்டுபோனார்கள் என்று சொல்வார்கள். துறைமுகச் சுமைகாரர்களுக்குக் காசுக்குப் பதில் கார்லைல் படத்தைக் கூலியாகக் கொடுத்தாராம். வாங்கிய சுமைகாரர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை.

அவர்கள் போய்ச் சேர்ந்த காலம் தமிழர்களுக்குக் கொடிய காலம். அடுத்த ஆண்டே தாது வருடப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். பிழைத்தவர்களில் பலர் கங்காணிகளின் பின்னால் இலங்கைக்கு வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைவரை நடந்து, மலையேறினார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் வழியிலேயே கிடந்தார்கள். மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறியவர்களும் இதே மண்ணிலிருந்து, இதே பசிக்காகப் புறப்பட்டவர்கள்தான்.

கேமரன் குடும்பம் பெரும்பாலும் களுத்துறைக் கடலோரத்தில் மகன் வீட்டில் தங்கியது. 1877 தொடக்கத்தில், அதற்குமுன் சிங்கப்பூருக்கும் வந்து சென்றிருந்த தாவர ஓவியர் மேரியான் நார்த் அங்கே விருந்தினராக வந்தார். வீட்டுச் சுவரெல்லாம் படங்கள், மேசை நாற்காலியெல்லாம் படங்கள், ஈரத்தில் ஊறிய புத்தகங்கள் என்று அவர் எழுதிவைத்திருக்கிறார். ஜூலியா அவரையும் விடவில்லை. சால்வையைப் போர்த்தி, தென்னங்கீற்று தலையில் குத்த, உச்சி வெயிலில் நிற்கவைத்துப் படமெடுத்தார். 61 வயதிலும் அந்த வெறி தணியவில்லை.

வெப்பம், ஈரப்பதம், கிடைக்காத ரசாயனம், வாங்க ஆளில்லாத படம். 1,200க்கு மேற்பட்ட அவர் படங்களில் இலங்கையில் எடுத்து இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. எண்ணிக்கை குறைவுதான். ஆனால் அவற்றில் இருக்கும் முகங்கள் வேறெந்தத் துரைமார் ஆல்பத்திலும் இல்லாத விதத்தில் நம்மைப் பார்க்கின்றன. கூடையோடும் கத்தியோடும் வரிசையில் நிற்கும் கூலிகளாக அவர்களை அவர் நிறுத்தவில்லை. டென்னிசனுக்குக் கொடுத்த அதே அருகாமையை, அதே நிழலை அவர்களுக்கும் கொடுத்தார். சேலைத் தலைப்பு விழுந்திருக்கும் விதத்தையும், கண் எங்கே பார்க்கிறது என்பதையும் கவனித்தார்.

ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. பெயர்.

1878ல் எடுத்த ஒரு படத்தில் களுத்துறைக் குடியானவர்கள் மூவர் இருக்கிறார்கள். சிறுமிக்கு 12 வயது என்றும், கிழவர் தம்மை அவளுடைய தந்தை என்று சொல்லிக்கொள்கிறார் என்றும், தமக்கு நூறு வயது என்கிறார் என்றும் குறித்திருக்கிறார். ஆக, அவர்களோடு பேசியிருக்கிறார், அல்லது யாரையாவது வைத்துக் கேட்டிருக்கிறார். ஊர் இருக்கிறது, வயது இருக்கிறது, உறவு இருக்கிறது. பெயரைக் கேட்டு எழுத இன்னும் ஒரு விநாடி போதும்.

நார்த் சொல்லும் இன்னொரு சம்பவமும் உண்டு. ஓர் ஆளின் முதுகு அழகாக இருக்கிறது என்று ஜூலியாவுக்குத் தோன்றிவிட்டது. உடனே அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி மகனை வற்புறுத்தினார். வீட்டில் தோட்டமே இல்லை. அந்த ஆளுக்கும் தோட்டக்காரர் என்றால் என்ன என்று தெரியாது. நார்த் இதை வேடிக்கையாகச் சொல்கிறார். படிக்கும்போது சிரிப்பு வருகிறது, கொஞ்சம் பொறுத்துச் சங்கடமும் வருகிறது. முதுகுக்கு வேலை கிடைத்தது. முதுகுக்குரியவரின் பெயர் அந்தப் பக்கத்தில் இல்லை.

காலம் அப்படி என்று இதைத் தள்ளிவிடலாம். அதே பஞ்ச நாளில் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாணத்தில் எலும்பும் தோலுமானவர்களைக் குழுக்குழுவாக உட்காரவைத்துப் படமெடுத்தார். அவர்களுக்கும் பெயரில்லை. சிங்கப்பூரில் டுட்ரோன்குவா என்பவர் 1843லேயே உருவப்படம் எடுத்துத் தருவதாக விளம்பரம் செய்தார். 1867ல் ஜி. ஆர். லாம்பர்ட் ஸ்டூடியோ தொடங்கினார். காசு கொடுத்து எடுத்துக்கொண்டவர்களுக்குப் பெயர் இருந்தது. வெளிநாட்டாருக்கு விற்க எடுத்த அட்டைகளில் இருந்தவர்களுக்கு இனத்தின் பெயர் மட்டும்தான். ஆனால் ஜூலியா விஷயத்தில் காலத்தின்மேல் மட்டும் பழியைப் போட முடியவில்லை. பிச்சைக்காரப் பெண்ணாக வந்த மேரி ரயனின் பெயரை உலகம் இன்று அறிந்திருப்பது அவர் குறித்துவைத்ததால்தானே? எழுதும் பழக்கமுள்ள கை, இலங்கைக்கு வந்ததும் எழுதாமல் நின்றுவிட்டது.

இந்தக் குறை நம் வீடுகளிலும் உறுத்தக்கூடியது. தோட்டத்திலிருந்து வந்த பல குடும்பங்களில் கொள்ளுத்தாத்தாவின் முகமே கிடையாது. இருக்கும் ஒரே படமும் அடையாள அட்டைப் படமாக இருக்கும். 1948ல் அவசரகாலத்தின்போது மலாயாவிலும் சிங்கப்பூரிலும் படத்தோடு கூடிய அடையாள அட்டை கட்டாயமானது. வரிசையில் நின்று, வெள்ளைத் துணிக்கு முன்னால் திடுக்கிட்ட முகத்தோடு எடுத்துக்கொண்ட அந்தச் சிறு படத்தைத்தான் பிறகு ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி, வண்ணம் தீட்டி, மாலை போட்டு மாட்டினார்கள். அந்தப் படத்தில் கலை இல்லை, நிழல் இல்லை. பெயரும் எண்ணும் இருந்தன. ஜூலியாவின் படத்தில் எல்லாம் இருந்தன, அந்த ஒன்றைத் தவிர.

பொகவந்தலாவையில்

1879 ஜனவரியில் அவர் மலையகத்தில் டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கேர்ன் தோட்டத்தில் இருந்தார். உடல் நலிந்து, ஜனவரி 26ஆம் தேதி அங்கேயே இறந்தார். வயது 63. கேமராவைத் தொட்டு முதல் வெற்றி கண்ட அந்த ஜனவரிக்குச் சரியாகப் பதினைந்து ஆண்டுகள். அவருடைய கலை வாழ்க்கை மொத்தமும் அவ்வளவுதான்.

பொகவந்தலாவை புனித மேரி ஆலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். மறு ஆண்டு சார்ல்ஸ் கேமரனும் இறந்து அவர் அருகிலேயே புதைக்கப்பட்டார். சில ஆண்டுகளில் சுற்றிலும் காப்பிச் செடிகளைப் பிடுங்கித் தேயிலை நட்டார்கள். நட்டவர்களும், பிறகு தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களும் தமிழர்கள்.

அவரை உலகம் கொஞ்சக் காலம் மறந்திருந்தது. 1926ல் அவருடைய சகோதரியின் பேத்தி ஒருவர், கலை விமர்சகர் ரோஜர் ஃபிரையுடன் சேர்ந்து, அவர் படங்களை நூலாகக் கொண்டுவந்தார். அந்தப் பேத்தி எழுத்தாளர் வர்ஜீனியா வூல்ஃப்.

இன்று அந்தப் படங்களை இணையத்தில் எவரும் பார்க்கலாம். ஹெர்ஷலின் படத்துக்குக் கீழே ஹெர்ஷல் என்றிருக்கும். டார்வினுக்குக் கீழே டார்வின். ஆனி ஃபில்பாட்டுக்குக் கீழே ஆனி. களுத்துறையில் அந்த மதிய வெளிச்சத்தில் கேமராவை நேராகப் பார்த்து நின்ற பெண்ணுக்குக் கீழே இளம்பெண், இலங்கை என்றிருக்கும்.